சொந்தக் கப்பல் வைத்திருக்கும் மாப்பிள்ளை விஷயமாக

உத்தமபாளையம்,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சுருளிராஜன் அவர்கள் சமூகத்துக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் மலைச்சாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை சந்தனம்மாளும் மகள் அபிதாவும் உடம்பளவில் சுகம். தூத்துக்குடியில் நீங்களும் அக்காவும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கடிதம் வந்து சேரும்வரை அப்படியே இருங்கள். போனிலேயே பேசியிருப்பேன். ஆனால் நான் குரலை உயர்த்தியதும், "எங்கண்ணன வையாதீக" என்று சந்தனம் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அவளால் பிடுங்க முடியாது.

சித்திரையில் நீங்கள் இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தபோது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் துறைமுகத்தில் இன்ஜினியர், பூர்வீகம் நம்ம சின்னமனூர், குடி கிடையாது, சிகரெட் கிடையாது, "சொந்தமா ஒரு கப்பலே வச்சிருக்காப்ல." இது உங்கள் வாயிலிருந்து வந்த வார்த்தை. நான் அதை நம்பி டீக்கடை, கோர்ட் வாசல், சலூன் என்று ஒரு இடம் விடாமல் சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருஷம் கம்பத்துக்கும் குமுளிக்கும் அரசு பஸ் ஓட்டியபோது என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது கூரியர்காரர்கூட "கப்பல்காரர் வீடு இதுதான?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்திருந்தார். கப்பலின் போட்டோவைக் காட்டச் சொன்னேன். தயங்காமல் காட்டினார். மச்சான், அது பாய் கட்டிய படகு! நீளம் இருபத்தாறு அடி. நான் ஓட்டிய பஸ்ஸே முப்பத்தாறு அடி. சரி, லீவு நாளில் கரையோரமாக ஓட்டிப் பார்க்க வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொள்வதற்குள், கல்யாணம் முடிந்து தை பிறந்ததும் காற்று கிழக்கேயிருந்து நன்றாக வரும், அப்போது கொச்சியிலிருந்து சீஷெல்ஸ் என்கிற தீவுக்கு அந்தப் படகிலேயே அபிதாவும் அவரும் மட்டும் போகப்போகிறார்கள், நடுவில் இருபது நாள் கரையே கண்ணில் படாது என்று கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார். உங்கள் மருமகள் அபிதா அவருக்கு இன்னொரு கரண்டி கேசரி வைக்கிறாள்.

"தம்பி, இத்துனூண்டு படகு சமுத்திரத்துக்குத் தாங்குமா?" என்றேன். "பெருசு சிறுசுல ஒண்ணுமில்ல மாமா, கட்டுன விதத்துலதேன் இருக்கு. அலை வந்தா மேல ஏறி அங்கிட்டு எறங்கிரும்" என்றார். பிரேக் எங்கே என்று கேட்டேன். பிரேக் கிடையாதாம். எதிரே வண்டி வந்தால்? இருபது நாளில் ஒன்றோ இரண்டோ வருமாம். வேகம்? மணிக்கு ஒன்பது கிலோமீட்டராம். குமுளி மலையில் நான் செகண்ட் கியரில் ஏறும்போதுகூட இதைவிட வேகமாகப் போயிருக்கிறேன். "பாய விரிச்சுட்டா அதுபாட்டுக்குப் போகும் மாமா" என்றார். என் பஸ்ஸில் பதினெட்டு வருஷம் கண்டக்டராக இருந்த பலவேசமும் அன்று வந்திருந்தான். "நான் பாய விரிச்சா தூங்கத்தேன் செய்வேன்" என்றான். "நாங்களும் தூங்குவோம்ணே. பின்னாடி காத்தாடி மாதிரி ஒண்ணு இருக்கு, அதுவே ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிரும்" என்கிறார் மாப்பிள்ளை. மச்சான், ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஒரு கொட்டாவி விட்டதற்கு மெமோ வாங்கியவன் நான். டிரைவர் தூங்குவாராம், வண்டி ஓடுமாம்!

கடைசியாக, கவிழ்ந்தால் என்ன கதி என்று கேட்டேன். "அடியில ஒரு டன் இரும்பு வச்சிருக்கு மாமா. கவுந்தாலும் தானா நிமிந்துக்கிரும்." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அப்போது நான் பெற்ற மகள் கேட்கிறாள்: "ஏம்ப்பா, ஒங்க பஸ்ஸு கவுந்தா தானா நிமிருமா?" பலவேசம் என் வீட்டுக் கேசரியைத் தின்றுகொண்டே, "நியாயமான கேள்விதேன்" என்றான்.

மறுநாள் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வீட்டுக்குப் பின்னால் நெல் காயப்போடும் களத்தில், கோலப்பொடியால் இருபத்தாறு அடி நீளம், எட்டடி அகலத்தில் ஒரு படகு போட்டேன். நான், சந்தனம், அபிதா, பலவேசம் நான்கு பேரும் பொழுதுசாயும் வரை கோட்டைத் தாண்டாமல் உள்ளே இருக்க வேண்டும். அரை நாளில் அபிதாவுக்கு வெறுத்துவிடும் என்பது என் திட்டம். பத்து மணிக்குள் எனக்கும் சந்தனத்துக்கும் சண்டை வந்துவிட்டது (உங்களைப் பற்றித்தான்). பதினோரு மணிக்குப் பலவேசம் டீ குடிக்க எழுந்து போனான். "ஏலே, கடல்ல விழுந்துட்டடா!" என்று கத்தினேன். அவன் நீச்சலடிப்பது போல இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே கடைக்குப் போய்விட்டான். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன மலைச்சாமி, கக்கூஸ் கட்டப் போறீகளா?" என்று விசாரித்தார்கள். இரண்டு மணிக்குக் காற்றோடு மழை பிடித்தது. நானும் சந்தனமும் வீட்டுக்குள் ஓடினோம். அபிதா அசையவில்லை. கோலப்பொடி முழுக்கக் கரைந்து ஓடிய பிறகும் தொப்பலாக நனைந்துகொண்டு நடுக்களத்தில் உட்கார்ந்திருந்தாள். "படகே கரைஞ்சு போச்சு, எந்திரி ஆத்தா" என்றேன். "அதெல்லாம் இங்கனதேன்ப்பா இருக்கு" என்று சிரித்தாள். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைக் கம்பெனியில் வேலை கிடைத்த அன்றுகூட அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன் மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. மகளை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தாலும், ஒரு பஸ் ஏறி ரெண்டு பஸ் மாறிப் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இத்தனை வருஷம் தைரியமாக இருந்தேன். பஸ் போகாத ஊர் என்பதற்காகவே மூன்று நல்ல சம்பந்தங்களைத் தட்டிக்கழித்தவன் நான். நடுக்கடலுக்கு எந்த பஸ்ஸில் போவேன்? அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா என்று இருபது நாளும் யாரிடம் கேட்பேன்? அதனால் வருகிற வெள்ளிக்கிழமை தாம்பூலம் மாற்ற அவர்கள் கிளம்புவதற்குள் நீங்களே பக்குவமாகப் பேசி, ஒன்று மாப்பிள்ளையைப் படகை விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் சம்பந்தத்தை விடச் சொல்லுங்கள். நான் சொல்லித்தான் நடந்தது என்று அபிதாவுக்குத் தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நம் குலசாமி உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நேரில் வந்து கேட்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மேல் கோபம் ஆறாத,
மலைச்சாமி,
அரசு பஸ் ஓட்டுநர் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளையே போன் செய்தார். "ஒங்க மொகத்தப் பாத்ததுல இருந்து மனசு கேக்கல மாமா. படக ஒரு கொச்சிக்காரருக்குக் கொடுக்கிறதாச் சொல்லிட்டேன்" என்றார். தங்கமான பிள்ளை. நான் துள்ளிக்கொண்டு போய் அபிதாவிடம் சொன்னேன். "படகில்லாம எனக்கெதுக்குப்பா கல்யாணம்? வெள்ளிக்கெழம வர வேணாம்னு சொல்லிருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீங்கள் உடனே போய் அந்தப் படகை எப்படியாவது மீட்டுக் கொடுங்கள். விஷயத்தைச் சொல்லி மாப்பிள்ளைக்கும் போன் போட்டேன். அது கிடைக்காவிட்டால், "நாப்பதடியில ஒண்ணு பாக்குறேன் மாமா, இன்னும் பத்திரமா இருக்கும்" என்கிறார் மாப்பிள்ளை. அது மட்டும் வேண்டவே வேண்டாம் மச்சான். இருபத்தாறு அடி என்றால் சீஷெல்ஸோடு திரும்பி வந்துவிடுவாள். நாற்பது அடியைக் கையில் கொடுத்தால் உலகத்தையே சுற்றிவிட்டுத்தான் வருவாள்.