கடிகார அக்காவுக்கு ஒரு ரிலீவர்

ஒரகடம் சாலையில் உள்ள எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் சங்கு ஊதினாலும், அங்கிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தாலும், கடிகார அக்கா ஆட்டத்தைப் பாதியில் நிற்க விடமாட்டார். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்து இந்த வரியை இரண்டு முறை அடித்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால், குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளில் கடைசி வீடு அவருடையது. ஷிஃப்டுக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நடுவீட்டில் சீட்டுக்கட்டைப் பரப்பித் தனியாக ஆடுவது அவர் வாழ்க்கை. பெயரைக் கேட்டு வைத்தவர் யாரும் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்கள் பட்டப்பெயரை நம்பி அவரிடம் மணி கேட்பார்கள்.

"கையில போன வச்சிகினு என்னாண்ட கேக்கற? நான் இன்னா மணிக்கூண்டா?"

அவரிடம் நான் போய் நின்றபோது என் மகள் எஸ்தருக்கு ஏழு மாதம். பிரசவ விடுப்பு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கணவருக்கு வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். அம்மா திருநெல்வேலிப் பக்கம், அப்பாவைப் பார்த்துக்கொண்டு. எஸ்தர் இரவிலும் தூங்குவதில்லை, பகலிலும் தூங்குவதில்லை; ஆகவே நானும். பல் தேய்த்தேனா இல்லையா என்பதை பிரஷ்ஷைத் தொட்டு, ஈரமா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை. இந்த லட்சணத்தில் ஒரு முடிவெடுக்க வேண்டும். சீட்டாடும் பெண்ணிடம் குழந்தையை விடுவதா, வேலையை விடுவதா?

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டுக்கும் சாராயத்துக்கும் ஒரே மரியாதை. யாராவது விசிட்டிங் கார்டுகளை அடுக்கி வைத்திருந்தாலே அம்மா ஒரு ஜெபம் சொல்லிவிடுவார். அப்படி வளர்ந்தவள், கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு போனேன்.

"அக்கா, பாலைக் காய்ச்சி ஆற வச்சுத்தான குடுப்பீங்க?"

"ஆமா."

"ஆறிடுச்சான்னு எப்படிப் பாப்பீங்க?"

அப்போதுதான் சீட்டிலிருந்து நிமிர்ந்தார். "இன்னா வேலை பாக்கற நீ?"

"க்வாலிட்டி செக்கிங்."

"அதானே பாத்தேன். சந்தேகப்படறதுக்கு சம்பளம் குடுக்கறானுங்க." அன்றிலிருந்து என் பெயர் டவுட்டு.

"நீங்க ஆடிட்டிருக்கப்போ குழந்தை அழுதா?"

"ரிலீவர் வந்தா எழுந்துப்பேன்."

இதற்கு ஒரு விளக்கம் தேவை. அக்கா பல வருடம் ஒரு கம்பெனியின் அசெம்பிளி லைனில் நின்றபடி வேலை பார்த்தவர். அங்கே பாத்ரூம் போவதென்றாலும் உங்கள் இடத்தில் நிற்க இன்னொருவர் வர வேண்டும். அவர்தான் ரிலீவர். அவர் வரும்வரை நகரக் கூடாது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டதும் அக்கா லைனை விட்டுவிட்டார். லைன்தான் அக்காவை விடவில்லை.

அவர் ஆடிய ஆட்டமும் அதற்குத் தோதானது. சீட்டைக் கலைத்து, நான்கு நான்காகப் பதின்மூன்று குவியல் கவிழ்த்து வைக்க வேண்டும். பன்னிரண்டு குவியல் கடிகாரம் போல வட்டமாக, ஒன்று நடுவில். நடுக்குவியலின் மேல்சீட்டைத் திருப்புங்கள். ஏழு வந்தால், ஏழு மணிக் குவியலுக்கு அடியில் முகம் தெரியச் செருகிவிட்டு, அதே குவியலின் மேல்சீட்டை எடுங்கள். அது எந்த மணியோ அங்கே போங்கள். ஏஸ் ஒன்று, ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு. ராஜா வந்தால் நடுவுக்கு. எல்லாச் சீட்டும் திரும்பும்வரை நான்காவது ராஜா வராமல் இருந்தால் ஜெயம். முன்னாடியே வந்துவிட்டால் ஆட்டம் அவ்வளவுதான். யோசிக்க ஒன்றும் இல்லை. அதனால் யாரை வேண்டுமானாலும் உட்கார வைக்கலாம்.

உட்காரவும் வைப்பார். நான் பேசிக்கொண்டிருந்தபோதே தொட்டிலில் ஒரு குழந்தை சிணுங்கியது. வாசலில் சிலிண்டர் இறக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "எப்பா, வந்து குந்து" என்றார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து சீட்டைத் திருப்ப ஆரம்பித்தார். தெருவில் எல்லாரும் பழகியிருந்தார்கள். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரே உட்கார்ந்து திருப்பிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். தோற்றது தேர்தலிலா ஆட்டத்திலா என்பதில்தான் தெருவில் இரண்டு கருத்து.

"யாருமே வரலைன்னா அக்கா?"

"மடியில போட்டுகினு ஆடுவேன்."

"குழந்தை கீழ விழுந்துட்டா?"

"லைன் ஸ்டாப். மொத்தமும் நின்னுரும்" என்றார், என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்து.

சனிக்கிழமை ஒத்திகை. எஸ்தரை விட்டுவிட்டு பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை இருப்பதாக உத்தேசம். டீயில் ஆடை கட்டுவதற்குள் திரும்பி வந்து, அக்கா வீட்டு ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"உள்ள வா டவுட்டு. சீட்டு மேல உன் நெழலு வுழுது."

உள்ளே நுழைந்த அதே நொடி எஸ்தர் வீறிட்டாள். நான் தொட்டிலுக்குப் பாய்ந்தேன். அக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தார்.

"நீ எங்க போற? நீ குந்து. நான் எழுந்துக்கறேன்."

"அக்கா, அவ என் குழந்தை..."

"திங்கக்கெழம அழுதா கம்பெனில இருந்து எகிறி குதிச்சி வந்துருவியா? குந்து."

உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் முறையாகச் சீட்டைத் தொட்டேன். அம்மா முகம் வந்து போனது. பின்னால் எஸ்தர் அலறுகிறாள். நான் ராணியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"அக்கா, ராணி வந்திருக்கு. பன்னெண்டுலதான வைக்கணும்?"

"நீ எங்க வைக்கலாம்னு பாக்கற?"

மூன்று ராஜாக்கள் ஏற்கெனவே நடுவில் கிடந்தார்கள். நான்காவது ராஜா எங்கே என்பது ஊருக்கே தெரியும். எப்போதோ ஒரு குழந்தை கடித்ததில் அந்தச் சீட்டுக்கு ஒரு மூலை இல்லை. ஐந்து மணிக் குவியலின் உச்சியில் கவிழ்ந்து கிடந்தது. ஒரு ஐந்து வந்தால் முடிந்தது கதை. ஆறு வந்தது. இரண்டு வந்தது. எஸ்தரின் அலறல் விம்மலாகியிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எழுந்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அடுத்த சீட்டைத் திருப்பினேன். ஐந்து.

பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னா, சத்தத்தையே காணோம்?"

"அஞ்சு வந்திருக்கு அக்கா."

"அப்போ அஞ்சுல வை."

வைத்தேன். ராஜா வந்தான். என்ன சொல்ல, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "போச்சுக்கா. நல்லாப் போயிட்டிருந்த ஆட்டத்தை நான் கெடுத்துட்டேன்."

"நீ இன்னா கெடுத்த? கலைச்சி அடுக்கனப்பவே அவன் அங்க குந்திகினுதான் இருந்தான். நீ திருப்பன, அவ்ளோதான். எல்லாத்தையும் உன் பேர்லயே எழுதிக்காத. இன்னும் வயசு கீது."

குரல் மெதுவாக இருந்ததால் திரும்பினேன். எஸ்தர் அவர் தோளில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் தோளில் அவள் ஒரு நாளும் அப்படித் தூங்கியதில்லை. நிம்மதி முதலில் வந்ததா பொறாமையா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நின்றது. அக்கா அதற்குள் வட்டம் பரப்பி உட்கார்ந்துவிட்டார். மடியில் எஸ்தர்.

"அக்கா, பால்..."

"ஆற வைப்பேன்."

"ஆறிடுச்சான்னு..."

"உன்ன மாதிரியே டவுட்டு பட்டுகினே பாப்பேன். போம்மா, பஸ்காரன் கத்தறான்."

போனேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்ததுதான் தெரியும். யாரோ தோளைத் தட்டினார்கள். கண் விழித்தால் பஸ்ஸில் நான் மட்டும். வெளியே கம்பெனி கேட்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா?" என்றார் டிரைவர்.

"இல்லண்ணா, தூங்கிட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. ஏழு மாதத்தில் ஒரு நாளும் இப்படிக் கனவுகூட இல்லாமல் தூங்கியதில்லை.

படியிறங்கும்போது பழக்கதோஷத்தில் எதற்காவது கவலைப்பட வேண்டுமே என்று தேடினேன். எஸ்தரைப் பற்றி ஒன்றும் அகப்படவில்லை. விடியலிலேயே சீட்டைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த அந்த மனுஷி, காலையில் ஒரு வாய் சாப்பிட்டாரா என்பதுதான் நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.