எறும்பு தின்ற கோடு

ஒரு தெருவுக்கே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் செய்தவன் நான். அதுவும் அந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற வேலையில் இருந்துகொண்டு.

தொண்ணூறுகளில் ஒரு வருஷம். தாமிரபரணித் தண்ணீரைப் பேட்டைப் பக்கம் கொண்டுபோக, தெருவுக்கு அடியில் பெரிய குழாய் பதித்துக்கொண்டிருந்தோம். ஆள் குனிந்து உள்ளே போய்வரலாம், அவ்வளவு அகலம். (போய்ப் பார்த்தேன். தலையில் புடைப்பு.) நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன சைட் இன்ஜினியர். காண்டிராக்டர் அண்ணாச்சி தெளிவாகச் சொல்லியிருந்தார்:

"இந்தத் தெருவ ஒழுங்கா முடிச்சா உனக்கு வேலை நிரந்தரம்லே. சொதப்புனா மூட்டையக் கட்டிரு."

இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற தெரு. வீடுகளை ஒட்டி மண்ணுக்குள் ஒரு பழைய இரும்புக் குழாய். தெரு முழுக்கக் குடித்தது அதில்தான். அதைவிட்டு நன்றாக விலகி, தெரு நடுவில் தோண்டுவதற்காக முந்தின நாள் சாயங்காலமே சுண்ணாம்புக் கோடு போட்டேன். டேப் பிடித்து, கயிறு கட்டி, கண்பட்டுவிடும்போல அவ்வளவு நேராக.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அது மார்கழி மாதம்.

விடிவதற்குள் பெண்கள் தெருவைப் பெருக்கி, சாணி தெளித்து, என் கோட்டைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் வீட்டுச் செல்லம்மக்கா தன் கோலத்துக்கு ஓரமாக நேர்கோடு ஒன்று இழுத்திருக்கிறார். அழகாக இருக்கிறதே என்று அடுத்த வீட்டுக்காரர் அதை நீட்ட, அதற்கடுத்தவர் நீட்ட, கடைசி வீடு வரைக்கும் போய்விட்டது.

இது எதுவும் தெரியாமல் ஏழரை மணிக்குப் போய் இறங்கினேன். வாசல்தோறும் கோலம், பூசணிப்பூ. அவற்றைத் தாண்டி, தெரு நீளத்துக்கும் ஒரே வெள்ளைக் கோடு. மேஸ்திரி இசக்கியிடம் பெருமையடித்தேன்.

"பாத்தீரா? என் கோட்டத் தாண்டாம எவ்வளவு மரியாதையா கோலம் போட்டிருக்காவ!"

இசக்கி குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார்.

"சார், நேத்து கோடு நடுத்தெருவுலல்லா கெடந்துச்சு?"

"ராத்திரியோட நடந்தா வந்துச்சு? தோண்டும் வே."

"எறும்பு ஊருது சார். சுண்ணாம்ப எறும்பு திங்குமா?"

(இந்த இடத்தில் நான் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது.)

"உம்ம ஊரு எறும்பு எதையும் திங்கும்!"

ஆறு பேர் மம்பட்டியோடு இறங்கினார்கள். பத்து மணிக்குக் கடப்பாரை 'ணங்' என்றது. அடுத்த நொடி மாடி உயரத்துக்குத் தண்ணீர். கோலம், பூசணிப்பூ, என் நிரந்தர வேலை எல்லாம் ஒன்றாக மிதந்து போயின.

சரியாக அப்போதுதான் அண்ணாச்சி வந்து இறங்கினார், வெள்ளை வேட்டியில். வந்த வேகத்தில் நனைந்தார்.

"எவம்லே இங்கன கோடு போட்டது?"

நான் இசக்கிக்குப் பின்னால் நகர்ந்தேன். இடுப்பில் காலிக் குடத்தோடு செல்லம்மக்கா முன்னால் வந்தார்.

"நாந்தான் போட்டேன். கருக்கல்லயே எந்திச்சு, பச்சரிசி மாவுல போட்டேன். என் வாசல்ல நான் கோடு போட்டா ஒமக்கென்ன?"

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். மிச்சமிருந்த கோட்டைப் பார்த்தார். மாவோடு ஏறிப் போய்க்கொண்டிருந்த எறும்புகளைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். வேட்டியைப் பிழிந்துகொண்டே சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"அண்ணாச்சி, நான் ஊருக்குப் போயிரட்டுமா?" என்றேன்.

"எங்கலே போற? ஒடச்ச குழாய ஒட்டுத வரைக்கும் இந்தத் தெருவுக்கு நீதாம்லே குழாய்!"

அடுத்த தெரு அடிபம்பிலிருந்து வீடு வீடாகக் குடம் சுமந்தேன். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. "தம்பி, பைய வா. சிந்தாம கொண்டா" என்று செல்லம்மக்கா மேற்பார்வை. சாயங்காலம் அவரே ஒரு டம்ளர் சுக்குக்காப்பியும் கொடுத்தார். மறுநாள் கோடு போட்டது இசக்கி. அதனால் எனக்கு வேலை நிலைத்தது.

இதைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இப்போதும் மார்கழி வந்தால் கோலம் போட்டு முடித்து, பத்து நிமிஷம் காத்திருந்து, பிள்ளைகள் கேட்க உள்ளே குரல் கொடுப்பாள்:

"ஏங்க, எறும்பு வந்துட்டு. கோலம்தான். நீங்க தைரியமா வெளிய வாங்க!"