பேஸ்மென்றில் நாலு யூனிக்ஸ்

இனி அட்டைப்பெட்டி மடிப்பதில்லை என்று சண்முகநாதன் தீர்மானித்தது 1997 ஒக்ரோபரில், ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு. ஆறு வருடமாக ரொறன்ரோவின் ஸ்காபறோவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி மடித்தவர். அன்றைக்கு அவர் மடிக்காத நாலு பெட்டிகள் ஒரு வான் வண்டியில் ஏறி, மல்வேர்னில் அவருடைய வீட்டு வாசலில் வந்து இறங்கின.

கொண்டுவந்தவன் கஸ்பர். ஊர்ப் பழக்கம். இங்கே ஒரு கல்லூரியில் கொம்பியூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கல்லூரி கழித்துவிட்ட நாலு பழைய வேர்க்ஸ்ரேஷன் கொம்பியூட்டர்களை, “அண்ணை, எட்டு வருசத்துக்கு முந்தி இது ஒவ்வொண்டும் ஒரு கார் விலை” என்று சொல்லி இவர் தலையில் கட்டிவிட்டான். பெட்டிகள் தட்டையானவை, தூக்கலாம். திரைகள்தான் ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி நிறை. நாலையும் நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மென்றுக்கு இறக்கி முடித்தபோது சண்முகநாதனின் இடுப்பு ஐந்தாவது பழைய மெஷின் ஆகியிருந்தது.

படிக்கட்டின் மேலே நின்று பார்த்தாள் மனைவி புனிதவதி. யாழ்ப்பாணத்தில் ஒன்பது வருடம் கணக்கு ரீச்சர். ரொறன்ரோவில் முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கிற வேலை. அயலட்டைப் பிள்ளைகளுக்கு அந்த பேஸ்மென்றில் கணக்கு வகுப்பு வைக்கவேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருடத்து ஆசை. கரும்பலகைகூட வாங்கிவிட்டாள். இப்போது அந்தக் கரும்பலகைக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி நின்றது.

“என்னப்பா உது?”

“வேர்க்ஸ்ரேஷன்.”

“பொலிஸ் ஸ்ரேஷன் தெரியும், பஸ் ஸ்ரேஷன் தெரியும். உது என்ன ஸ்ரேஷன்?”

“உமக்கு விளங்காது. கொம்பியூட்டரை ஓட்டுற புரோகிராம், யூனிக்ஸ் மாதிரி ஒண்டு இருக்கு. உலகம் முழுக்க இருக்கிற பெடியள் சேர்ந்து எழுதி, ஆரும் எடுங்கோ எண்டு சும்மா விட்டிருக்கிறாங்கள். அதை உதுக்குள்ளை ஏத்தப் பழகினால் சிஸ்டம் அட்மினிஸ்ரேற்றர் எண்டு வேலை எடுக்கலாம்.”

“இப்ப உது என்ன செய்யும்?”

“இப்ப ஒண்டும் செய்யாது.”

“அதுக்குத்தான் வீட்டிலை ஏற்கெனவே ஒராள் இருக்கிறியளே.”

சண்முகநாதன் கேளாததுபோல் ஒரு வயரைத் துடைத்தார்.

“திங்கட்கிழமை குப்பை லொறி வரும்” என்றாள் புனிதவதி. “ஞாயிறுக்கிடையிலை உது எழும்பாட்டி, நாலும் வாசலிலை.”

சண்முகநாதன் நிமிர்ந்தார். இடுப்பு விட்ட அளவுக்கு நிமிர்ந்தார்.

“எழுப்பிக் காட்டிறன். ஆர் உதை எழுப்பிறினமோ, பேஸ்மென்ற் அவைக்கு. பேந்து ஒரு கதை கதைக்கக்கூடாது.”

“அவைக்கு” என்று புனிதவதி ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். “சரி.”

புதன்கிழமை ஒரு மெஷினுக்குத் திருநீறு பூசிச் சுவிட்சைப் போட்டார். விமானம் ஏறுகிற மாதிரி ஒரு சத்தம். வெள்ளைத் திரையில் ‘ஓகே’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல். பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் கண்ணடித்தது. சண்முகநாதனுக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. வியாழன் போட்டார், ஓகே. வெள்ளி போட்டார், ஓகே. அதற்கு அங்காலே அது ஒரு எழுத்தும் பேசவில்லை.

“என்ன சொல்லுது?” என்று மேலேயிருந்து கேட்டாள் புனிதவதி.

“எல்லாம் ஓகேயாம்.”

“தொழிற்சாலையிலை மனேச்சர் கேட்டால் நீங்களும் உப்பிடித்தானே சொல்லுறனீங்கள்.”

கஸ்பர் அந்த யூனிக்ஸை முப்பத்தெட்டு பிளொப்பி டிஸ்க்குகளில் எழுதி, இலக்கம் போட்டுக் கொடுத்திருந்தான். என்ன செய்யவேண்டும் என்று பதினொரு பக்கத்தில் ஒரு விளக்கமும் வைத்திருந்தான். அந்தப் பதினொரு பக்கத்தின்மேல் சண்முகநாதன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துக்கொண்டார். எழுதியதை வாசித்துச் செய்ய அவர் என்ன சின்னப் பிள்ளையா?

வெள்ளி பின்னேரம்தான் அவருக்கு அடுத்த நாள் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை றிச்மண்ட் ஹில்லில் இராஜரட்ணத்தின் வீடு குடிபூரல். இராஜரட்ணம் சண்முகநாதனின் பெரியப்பா மகன், வயதில் மூத்தவர். வீட்டுக்கு வருகிறவர்களை ஒவ்வொரு குளியலறையாகக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொரு பைப்பாகத் திறந்து, “இது சுடுதண்ணி, இது பச்சைத்தண்ணி” என்று காட்டாமல் விடமாட்டார். வீடு கட்டினதை அத்திவாரத்திலிருந்து வீடியோ எடுத்து வைத்திருக்கிறார் என்றும் கேள்வி. நாலு மணித்தியாலம். சீமெந்து காய்கிறது மட்டும் முக்கால் மணித்தியாலமாம்.

சண்முகநாதனின் மூளை வேலை செய்தது. குசினிக்குப் போனார்.

“இஞ்சரும், நாளைக்கு நீர்மட்டும் போட்டுவாரும்.”

“ஏனாம்?”

“நாளைக்குத்தான் யூனிக்ஸ் ஏத்தவேணும். முப்பத்தெட்டு பிளொப்பி. ஒண்டு முடிய மற்றதைக் கேட்கும். உடனை குடுக்கவேணும், பச்சைப் பிள்ளைக்குப் பால் குடுக்கிற மாதிரி. பக்கத்திலை ஆள் இல்லாட்டி முதலிலையிருந்து துவங்கவேணும்.”

புனிதவதி கையைத் துடைத்தாள். முகத்தில் நல்ல கரிசனை.

“கஷ்டமான வேலையோ அப்பா? உங்களுக்கு ஏலுமோ?”

“சீச்சீ! கேட்கிற நம்பரை எடுத்துத் தள்ளுறது. அவ்வளவுதான். ஆரும் செய்யலாம்.”

“அப்ப நானும் செய்யலாம்.”

“நீரோ?”

“உங்கடை அண்ணர். நீங்கள் போகாட்டிக் குறை நினைப்பார். நான் இருந்து தள்ளிறன். முப்பத்தெட்டு மட்டும் எண்ண எனக்குத் தெரியும்.”

சண்முகநாதன் வாயைத் திறந்தார். கஷ்டம் என்று சொன்னால் ஏலாதவர் ஆகிவிடுவார். லேசு என்று அவரே சொல்லியாயிற்று. கடைசியில், கீழே இருந்த மெஷினைப் போல, அவரிடமிருந்தும் ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“ஓகே.”

சனிக்கிழமை சண்முகநாதன் பதினாறு பைப்பைப் பார்த்தார். சீமெந்து காய்வதைப் பார்த்தார். நடுவில் வீட்டுக்கு மூன்றுதரம் போன் எடுத்தார். மூன்றுதரமும் எங்கேஜ். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ‘அவ ஊர்க்கதை கதைச்சுக்கொண்டிருக்கிறா. மெஷின் அங்கை அடுத்த பிளொப்பிக்கு அழுதுகொண்டிருக்கும். நாளைக்கு நான் போய் ஆறுதலாய் முதலிலையிருந்து துவங்கலாம்.’ அந்த நிம்மதியில் இன்னும் இரண்டு வடை சாப்பிட்டார்.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால் பேஸ்மென்றில் டக்டக்கென்று சத்தம். இறங்கிப் பார்த்தார். கீழ்ப்படியில் கஸ்பர் தேத்தண்ணியோடு இருந்தான். திரைக்கு முன்னால் புனிதவதி கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின. அதில் ஓகே என்ற சொல்லையே காணவில்லை.

“பதினேழாம் பிளொப்பி பழுது” என்றாள் திரும்பாமலே. “போன் பண்ணினன். கஸ்பர் புதுசு எழுதிக்கொண்டு வந்தவர்.”

“மெஷின் வேறை ஒண்டும் கேட்கேல்லையோ?”

“கேட்டது. ஹார்ட் டிஸ்க்கை எத்தினை பங்காய்ப் பிரிக்கிறது எண்டு கேட்டது. அது கணக்குத்தானே, பிரிச்சுவிட்டன். எல்லாம் அந்தப் பதினொரு பக்கத்திலை கிடக்கு. நாலாம் பக்கத்திலை உங்கடை தேத்தண்ணிக் கறை. அதை வாசிக்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டன்.”

“அண்ணை, அக்கா மற்ற மூண்டையும் இதிலையிருந்தே வயர் இழுத்து ஏத்தப்போறா” என்றான் கஸ்பர், ஏதோ கோயில் பூசையைப் பார்க்கிறவன் மாதிரி. “எங்கடை ஒஃபிஸிலையே உதைச் செய்ய ரெண்டு பேர்தான் இருக்கினம்.”

சண்முகநாதன் கரும்பலகையைப் பார்த்தார். கன்றுக்குட்டி தள்ளி நின்றது. பலகையில் புனிதவதியின் குண்டெழுத்தில், ‘கணக்கும் கொம்பியூட்டரும். வியாழன், ஞாயிறு.’

“அப்ப... பேஸ்மென்ற்?”

“ஆர் எழுப்பிறினமோ, அவைக்கு. நீங்கள்தானே சொன்னீங்கள்.”

அவர் கடைசி முயற்சியாகத் தொண்டையைச் செருமினார். யூனிக்ஸில் ரூட் என்று ஒராள் உண்டு, அந்த ஆளுக்குத்தான் முழு அதிகாரமும், மற்றவர்கள் எல்லாரும் கேட்டு நடக்கவேண்டும் என்ற அளவுக்கு அவருக்கும் தெரியும்.

“ரூட் பாஸ்வேர்ட் என்னெண்டு வைச்சனீர்?”

“அது ரூட்டுக்குத்தான் தெரியலாம்.”

“ரூட் ஆர்?”

புனிதவதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள்.

“உங்களுக்கும் ஒரு எக்கவுண்ட் போட்டிருக்கு” என்றாள் எழும்பிக்கொண்டு. “பாஸ்வேர்ட் லேசு. நாங்கள் கலியாணம் கட்டின திகதி.”

அவள் கஸ்பரை வழியனுப்ப மேலே போனாள். சண்முகநாதன் கதிரையில் இருந்தார். வருடம் எண்பத்திநாலு. அது நிச்சயம். மாதம் ஆவணியா, ஐப்பசியா? மழை பெய்த ஞாபகம். இல்லை, அது மச்சாளின் கலியாணம். ஒரு திகதி அடித்தார். பிழை. இன்னொன்று அடித்தார். பிழை. கலியாண அல்பத்தைத் தேடி எடுத்து நூற்றிருபது படத்தையும் புரட்டினார். எல்லாவற்றிலும் அவர் இருந்தார், திகதி ஒன்றிலும் இல்லை.

அப்போதுதான் பளிச்சென்று பட்டது. ஊரில், சுன்னாகத்தில் ஒரு அச்சகத்தில் வேலைசெய்த காலத்தில் அந்தக் கலியாணக் கார்ட்டுக்கு எழுத்துக் கோத்தவனே கஸ்பர்தான். கஸ்பர் வீடு போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து, உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, குரலைத் தணித்துப் போன் எடுத்தார்.

“கஸ்பர், எங்கடை கலியாணக் கார்ட்டிலை என்ன திகதி போட்டனீ?”



“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் எடுப்பியள், சொல்லக்கூடாதெண்டு அக்கா வாசலிலை வைச்சே சொல்லித்தான் விட்டவ.”