ஐந்தாவது முறை உகாண்டா

திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஓகே' அழுத்துகிறவர்களில் முதல் இடம், அந்த எச்சரிக்கைகளை எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான். நானும் அந்தக் கூட்டம். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை. "நிச்சயமாக அழிக்கலாமா?", "அழித்தால் திரும்பக் கிடைக்காது, சம்மதமா?" என்றெல்லாம் ஊருக்கு எழுதிக் கொடுத்தவள், என் வீட்டுக் கம்ப்யூட்டர் அதே மாதிரி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டபோது கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. விளைவு, புகுந்த வீட்டில் என் பெயரோடு ஒரு நாட்டின் பெயரும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

டிவிடி புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அணுபுரம் குவார்ட்டர்ஸில் குடித்தனம். கணவர் ரகு அணுமின் நிலையத்தில் இன்ஜினியர். எதையும் செய்முறைத் தாளைப் பார்த்துச் செய்கிற மனிதர்; பிரஷர் குக்கரோடு வந்த காகிதத்தைக்கூட ஃபைல் போட்டு வைத்திருந்தார். நான் அதற்கு நேர் எதிர். எல்லாம் எனக்குத் தெரியும் என்பது என் கட்சி. "கம்ப்யூட்டரிலேயே டிவிடி ஓடும், தனியாக பிளேயர் எதற்கு?" என்று கடைக்காரரிடமே வாதாடிவிட்டு வந்தவள். (பாவம் அவர், "உங்க இஷ்டம்மா" என்று கும்பிட்டு அனுப்பினார்.)

ரகுவின் தங்கை ரேவதி அமெரிக்காவில் இருந்தாள். போய் நான்கு வருடம். விசா விவகாரம் இழுத்துக்கொண்டே போனதால் எங்கள் கல்யாணத்துக்குக்கூட வரமுடியவில்லை. கும்பகோணத்திலிருந்த என் மாமியாருக்கு அது தீராத குறை. ஞாயிற்றுக்கிழமை வரும் போன்தான் அவருக்கு மகள். ரேவதி சேர்ந்திருந்த அந்த ஊர்ப் பாடகர் குழு ஒரு கச்சேரியை டிவிடியாகவே வெளியிட்டது. அதில் ஒன்றை எங்களுக்கு அனுப்பிவைத்தாள். போனில் மாமியார், "அவ மூஞ்சி தெரியுமாம்மா அதுல?" என்று கேட்டார். "கிளம்பி வாங்க அத்தை, முப்பது வாட்டி போட்டுக் காட்டறேன்" என்று சொன்ன வாய் என்னுடையது.

இங்கே ஒரு சின்ன விளக்கம். டிவிடி விற்கிறவர்கள் உலகத்தைத் துண்டு போட்டு எண் கொடுத்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு ஒன்று, ஜப்பானுக்கு இரண்டு, நமக்கு ஐந்து. ஒரு எண்ணுக்கான டிஸ்க் இன்னொரு எண்ணுக்கான கருவியில் ஓடாது. (திருட்டு டிஸ்க்குக்கு எந்த எண்ணும் கிடையாது, ஒழுங்காக வாங்கியவனுக்குத்தான் இந்த இம்சை!) கம்ப்யூட்டரில் மட்டும் ஒரு சலுகை. நாட்டை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மொத்தம் ஐந்தே முறை. ஐந்தாவதாக எந்த நாட்டில் நிறுத்துகிறோமோ, ஆயுசுக்கும் அதே நாடுதான்.

கம்ப்யூட்டர் வந்த அன்றே இந்தியா என்று வைத்தேன். முதல் முறை அப்படிப் போனது. ரேவதியின் டிஸ்க் வந்ததும் அமெரிக்காவுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். நாற்பது பேர், எல்லாருக்கும் ஒரே கறுப்பு அங்கி. நடுவில் கேமரா நெருங்கி வரும்போது ரேவதி பளிச்சென்று தெரிந்தாள். ரகு சொன்னது ஒன்றுதான்: "இனிமே இதைத் தொடாதே. அம்மா பாத்துட்டுப் போகட்டும்."

தொடாமல் இருந்திருக்கலாம். பக்கத்து வீட்டு நிர்மலா ஒரு தமிழ்ப் படத்தோடு வந்தாள். "அமெரிக்காவுக்கு மாத்திட்டீங்களாமே, அப்போ நம்ம படம் இதுல ஓடாதாக்கா?" என்று அப்பாவியாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஓடாதா? யாரிடம் கேட்கிறாள்? மூன்றாவது முறை, இந்தியா. அடுத்த வாரம் ரகுவின் மேலதிகாரி ஜப்பான் பயிற்சி முடித்து, அந்த ஊர் வெந்நீர் ஊற்றுகளைப் பற்றிய டிஸ்க் ஒன்றோடு திரும்பினார். யாருடைய கருவியிலும் ஓடவில்லை என்று வருத்தப்பட்டார். "எங்க வீட்ல ஓடும் சார்" என்று முந்திக்கொண்டேன். நான்காவது முறை, ஜப்பான். ஒன்றரை மணி நேரம் வெந்நீர் கொதிப்பதைப் பார்த்தோம். சார் இரண்டு வாட்டி காபி குடித்துவிட்டு, "பிரமாதம்மா" என்று சொல்லிப் போனார்.

ரகு காலண்டர் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'மீதம் ஒன்று. அம்மாவுக்கு.' எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. ஒன்று இருக்கிறதே, ஒன்றுதானே வேண்டும்!

ஞாயிறு காலை மாமியார் வந்து இறங்கினார். குளித்து, தலை பின்னி, அரக்குப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மகள்தான் திரையில் தெரியப்போகிறாள், அவள் இவரைப் பார்க்கப்போவதில்லை. ஆனாலும் பட்டுப் புடவை. நான் நிர்மலாவையும் எதிர் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு வைத்திருந்தேன். நம் திறமைக்கும் நாலு சாட்சி வேண்டாமா?

டிஸ்க்கைப் போட்டதும் நாடுகளின் பட்டியல் வந்தது. நீளமான பட்டியல். அலுவலகத்தில் நாங்கள் யாரும் பட்டியலை உருட்டித் தேடமாட்டோம். முதல் எழுத்தைத் தட்டினால் அங்கே போய் நிற்கும். மாமியார் பக்கம் திரும்பி, "இப்ப பாருங்க அத்தை" என்று புன்னகைத்துக்கொண்டே யு.எஸ்.ஸுக்காக 'யு'வைத் தட்டினேன். எண்டர் தட்டினேன். ஒரு கட்டம் ஏதோ கேட்டது. மறுபடி எண்டர். இவ்வளவும் திரையைப் பார்க்காமலே செய்தேன், வீணை வாசிக்கிறவள் போல.

டிஸ்க் ஓடவில்லை.

ரகு குனிந்து திரையைப் படித்தார். சத்தமாக வேறு படித்தார். "தேர்ந்தெடுத்த நாடு, உகாண்டா. இனி மாற்ற இயலாது."

'யு'வில் தொடங்கும் நாடுகளில் அமெரிக்காவுக்கு முன்னால் வரிசையில் நிற்பது உகாண்டா என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கும் ஐந்தாம் எண்தான். நாலு நாடு சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து பூட்டிக்கொண்டிருந்தேன். காது மடல் வரை சுட்டது. நிர்மலா தரையைப் பார்த்தாள். மாமியார் கறுப்புத் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, அவ இருக்கறது அமெரிக்காவுலதானே? நீ எதுக்கு அவளை உகாண்டாவுல போய்த் தேடற?"

யாரோ சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. "பரவால்ல விடும்மா, அடுத்த வருஷம் அவளே வந்தாலும் வருவா" என்று புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அந்த 'பரவால்ல'வுக்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அவ்வளவு வெட்கமாக இருந்தது. டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

எங்கள் பகுதிக்குக் கேபிள் கொடுத்தவர் ஏழுமலை. புதுப்பட்டினத்தில் ஒரு மாடி அறைதான் அவருடைய அலுவலகம். கேபிளில் தினமும் படம் போடுகிறவர், அவரிடம் பிளேயர் இல்லாமலா இருக்கும்? கதையைக் கேட்டுவிட்டு டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா மேடம் இம்மாம் பேஜாரு? நம்ம பிளேயருக்கு நம்பரும் தெரியாது, நாடும் தெரியாது. உள்ள போனா ஓடும். சைனா சரக்கு."

"அப்போ ஒரு மணி நேரம் குடுங்கண்ணே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்..."

"அய்ய, அத்த எப்டி கயட்டறது? படம் ஓடிகினு கீது பாரு. ஊரே பாத்துகினு கீது." தலையைச் சொறிந்தார். "ஒண்ணு செய்யலாம். இங்கியே போட்டுர்றேன். உங்க மாமியாரு வூட்ல குந்திகினு டிவில பாக்கட்டும்."

ரகுவுக்குப் போன் போட்டு டிவியைப் போடச் சொன்னேன். நடக்கப்போவதன் முழு அர்த்தம் எனக்கு உறைக்கும் முன்பே ஏழுமலை செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் படம், அதுவும் சண்டைக் காட்சி நடுவில், பொட்டென்று நின்றது. அணுபுரம், புதுப்பட்டினம், மீனவர் குப்பம் என்று ஏழுமலையின் கம்பி போன வீடுகளில் எல்லாம் கறுப்பு அங்கி போட்ட நாற்பது வெள்ளைக்காரர்கள் பாட ஆரம்பித்தார்கள். போன் அலறியது.

"மேடம், நீயே எடுத்து பதில் சொல்லு" என்று ஏழுமலை பீடியைப் பற்றவைத்தார்.

எடுத்தேன். "இன்னாபா ஏழுமல, வில்லன அடிக்கசொல்ல சர்ச்சு பாட்டு போட்டுகினு கீற?" என்றது ஒரு குரல். நடந்ததைச் சொன்னேன். அடுத்த போன், மறுபடி சொன்னேன். எட்டு பேரிடம் சொன்னேன், உகாண்டா உட்பட. எட்டாவது ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு வருசமா பாக்கலயா அந்தம்மா? சரி சரி, பாக்கட்டும். எந்தப் பொண்ணு, சொல்லு, நாங்களும் பாக்கறோம்" என்றார்.

ஒன்பதாவது போன் ரகு. பேசவில்லை, ரிசீவரை டிவி பக்கம் நீட்டியிருக்கிறார் போல. பாட்டுக்கு நடுவே மாமியாரின் குரல்: "இதோ, இதோ, நம்ம ரேவதிடா! இளைச்சுட்டாடா... பாரேன், பொட்டு வெச்சிருக்கா." அவ்வளவுதான். பிறகு அழுகை. அந்த பீடிப் புகை அறையில் நானும் அழுதேன். ஏழுமலை ஒன்றும் கேட்காமல் பின்னுக்கு ஓட்டி, ரேவதி வரும் இடத்தை மறுபடி போட்டார். அப்படி ஐந்து தபா போட்டார். பிறகுதான் ஊருக்கு வில்லன் திரும்பக் கிடைத்தான்.

அடுத்த ஒரு வாரம் நான் தலைகாட்ட முடியவில்லை. மீன்காரம்மா கூடையை இறக்கும்போதே, "உகாண்டா மேடம் வூடு இதானே?" என்றார். மாமியாரோ ராணி மாதிரி வலம் வந்தார். "என் பொண்ணு டிவில வந்தா, பாத்தீங்களா?" என்று கோயிலில், பால் பூத்தில், பேருந்து நிறுத்தத்தில் கேட்டார். எல்லாரும் பார்த்திருந்தார்கள். என்மேல் அவருக்குத் துளி கோபம் இல்லை. என் சாமர்த்தியப்படி நடந்திருந்தால் அவர் மகளை ஒரு அறை ஜனம்தான் பார்த்திருக்கும் என்பது அவர் கணக்கு. கும்பகோணம் போன பிறகும் ஞாயிறு போனில் ரேவதியிடம், "உகாண்டாவுல மழையா?" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் இன்றுவரை ரேவதி இருக்கும் நாட்டுக்கு வேறு பெயர் கிடையாது.

இரண்டு வருடம் கழித்து விசா சரியாகி ரேவதி வந்தாள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமியார் அதே அரக்குப் புடவையில் நின்றிருந்தார். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் பேச்சுக் கொடுத்தார்.

"பொண்ணா வர்றாங்க? எந்த ஊர்லேர்ந்து?"

"உகாண்டா" என்றார் மாமியார், யோசிக்காமல்.

"அடேயப்பா! ரொம்ப தூரமாச்சே."

கதவுக்கு அப்பால் ரேவதி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. மாமியார் என் கையை இறுகப் பிடித்தார்.

"ஆமாங்க. வந்து சேர ஆறு வருஷம் ஆச்சு."