ஒரு சொட்டு இரவல் ரத்தம்

முப்பது வருஷமாக ஊசியை வைத்தே பிழைப்பு நடத்தும் தையல்காரருக்கு ஊசி என்றால் பயம். துணியில் ஏறுகிற ஊசியைச் சொல்லவில்லை, உடம்பில் ஏறுகிற ஊசியை. இன்சுலின் என்ற வார்த்தையை டாக்டர் சொன்ன அன்று, மனிதர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டார்.

டாக்டரும் லேசுப்பட்டவர் இல்லை. "நோட்டுல நீங்க எழுதிட்டு வர்ற சர்க்கரை அளவெல்லாம் ரொம்ப அழகா இருக்கு. அடுத்த தடவை நோட்டு வேண்டாம். மெஷினையே கொண்டு வாங்க. அன்னிக்குக் காலைல வெறும் வயித்துல பார்த்த அளவு அதுல இருக்கணும். நூத்தம்பதைத் தாண்டினா ஊசிதான்" என்று சொல்லிவிட்டார்.

அந்தக் காலையும் வந்தது. தையல்காரர் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். மெஷின், ஸ்ட்ரிப், விரல் குத்தும் ஊசி, பஞ்சு, ஸ்பிரிட் எல்லாம் இருந்தன. சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட வைத்திருந்த மிட்டாய்கள் மட்டும் இல்லை. அவை எங்கே போயின என்று நாம் கேட்க வேண்டாம். இன்னொன்றும் இல்லை. நல்ல ரத்தம்.

நல்ல ரத்தம் சமையலறையில் நடமாடிக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி தலைவலி என்றுகூடப் படுத்ததில்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் சொல்லியிருப்பாளே என்பது அவர் கணக்கு. அதனால் விடிந்ததிலிருந்து சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, உங்களுக்குத் தைக்கிற வேலை ஒண்ணும் இல்லையா?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கலாம்னுதான்."

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழிச்சா?"

"சட்டையெல்லாம் மடிச்சிட்டியா?"

"மடிச்சேன். காலர்ல மூணு குண்டூசி வெச்சிருந்தீங்க. மூணையும் எடுத்துக் காந்தத்துல ஒட்டிட்டேன்."

"உன் கையில குத்தலையா?"

"உங்களைக் கட்டிக்கிட்டவளுக்கு ஊசி இருக்கற இடம் தெரியாதா?"

திட்டம் பாழ். இனி கெஞ்சல்தான் என்று இறங்கினார்.

"ஒரே ஒரு சொட்டு ரத்தம் குடு. மெஷின்ல வெச்சுக்கறேன். டாக்டர் பார்த்துட்டு விட்டுடுவார்."

அவள் இரண்டு கையையும் கை துடைக்கிற துண்டுக்குள் மறைத்துக்கொண்டாள். "அதெல்லாம் முடியாது. என் ரத்தம் வேற குரூப்பு."

"மெஷினுக்குக் குரூப்பெல்லாம் தெரியாது."

சொல்லிக்கொண்டே அவளுடைய இடது கையை இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் விரலை விரித்தார். அப்படியே நின்றுவிட்டார்.

ஊசி குத்திய விரல்களை அவர் ஆயிரம் பார்த்திருக்கிறார். தைக்கிறவன் விரலில் ஊசி நுனியில்தான் ஏறும். இவள் விரல்களில் ஓரத்தில் இருந்தன புள்ளிகள். நாலு விரலிலும், வரிசையாக, கருத்துப்போய். வலி குறைவாக இருக்கும், ஓரத்தில் குத்துங்கள் என்று டாக்டர் அவருக்குக் காட்டிக்கொடுத்த அதே ஓரம்.

"குத்துங்க. பார்த்துடுங்க" என்றாள் அவள்.

குத்தி, சொட்டை ஸ்ட்ரிப்பில் வைத்தார். மெஷின் ஐந்து வரை எண்ணிவிட்டுக் காட்டியது: இருநூற்றுத் தொண்ணூற்றாறு.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றார். அப்படி இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

"கெட்டுப்போகலை. தினமும் ஆறு மணிக்கு மருந்தை எடுத்துட்டுப் போய் பாத்ரூம்ல போட்டுப்பேன். இன்னிக்கு நீங்கதான் வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கறீங்களே."

அலமாரி மேல்தட்டிலிருந்து பழைய பட்டன் டப்பாவை எடுத்துத் திறந்தாள். உள்ளே அதே மெஷின், அதே ஸ்ட்ரிப், அதே பஞ்சு. மிட்டாய்கூட எண்ணிக்கை குறையாமல் இருந்தது. பிறகு ஃபிரிட்ஜில் காய்களை ஒதுக்கி, அடியிலிருந்து இன்சுலின் பேனாவை எடுத்தாள். அந்த ஃபிரிட்ஜை அவர் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறக்கிறவர். காய்ப்பக்கம் மட்டும் போனதில்லை.

"எத்தனை நாளா?"

"எட்டு மாசமா."

"ஏன் சொல்லலை?"

"விரல்ல குத்தறதுக்கே ஊரைக் கூட்டறீங்க. எனக்கும்னு தெரிஞ்சா உங்களுக்கு வேலை ஓடுமா? வீட்டுல ஒருத்தர் பயந்தா போதும்னு விட்டுட்டேன்."

எட்டு மாசமாக பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தனியாக நின்றிருக்கிறாள். வெளியே நின்று, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கதவைத் தட்டியது அவர்தான்.

பேச்சை மாற்றப் பார்த்தார். "இப்ப என் மெஷின்ல உன் அளவு ஏறிடுச்சே. சாயங்காலம் டாக்டர்கிட்ட என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் அவர்கிட்டதான் காட்டறேன். நோட்டை நம்பாதீங்க, மெஷினைக் கேளுங்கன்னு அவருக்குச் சொன்னதே நான்தான்."

முதல் தடவையாக அவர் முன்னால் ஊசி போட்டுக்கொண்டாள். புடவையைக் கொஞ்சம் ஒதுக்கி, வயிற்றில் ஒரு மடிப்பைப் பிடித்து, பத்து எண்ணி எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

"ஒண்ணுமில்ல. ஊசியைப் பார்த்தாலே எனக்குப் பயம், உனக்குத்தான் தெரியுமே" என்றார். இந்த ஒரு விஷயத்திலாவது அவளை ஏமாற்றிவிட்ட திருப்தி அவருக்கு.

அவள் பேனாவை மூடினாள்.

"எனக்கு வலிக்கலைங்க. அழாம போய் மூஞ்சியைக் கழுவுங்க. சாயங்காலம் உங்க முறை."