இரண்டாம் தடவை கேட்காத ஊர்

எங்கள் பக்கத்தில் விருந்தாளியாகப் போன ஒருவர், "சாப்பிடுங்க" என்றதும் முதல் தடவையே சரியென்று உட்கார்ந்துவிட்டால், அவரை வளர்த்த விதத்தைப் பற்றி ஊரில் பேச்சு வரும். முதலில் "வேண்டாமுங்க, இப்பத்தான் ஊட்டுல சாப்புட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். (காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாவிட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும்.) வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுப்பார். மறுபடியும் "வேண்டாமுங்க". அவர் கோபித்துக்கொள்வது போல முகத்தைத் திருப்புவார். மூன்றாம் தடவை, அவர் மனம் நோகக் கூடாதே என்பதற்காக மட்டும் உட்கார்ந்து, ஆறு தோசை சாப்பிடலாம். கேரள எல்லைக்குள் இருக்கிற எங்கள் எருத்தேன்பதியில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பாண்டிச்சேரியில் தெரியாது என்பதுதான் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஆபீஸ் ஆட்களோடு ஒரே ஒரு தடவை பாண்டிச்சேரி போய் வந்திருந்தேன். அந்தத் தகுதியை வைத்துக்கொண்டு, பிரெஞ்சுச் சாப்பாட்டில் சந்தேகம் வந்தால் பிரெஞ்சுக்காரர்களே என்னைக் கேட்கலாம் என்ற அளவுக்குப் பேசிக்கொண்டு திரிந்தேன். வீட்டில் இட்லியை முள்கரண்டியால் குத்திப் பழகினேன். தங்கை மகேசு ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, இட்லி அப்பவே செத்துப்போச்சு. உட்டுருங்க" என்றாள்.

குடும்பத்தோடு பாண்டிச்சேரி போகலாம் என்று நான் கிளப்பியதற்குக் காரணம் அம்மா. அம்மா கடலையே பார்த்ததில்லை. கடலிலிருந்து சூரியன் உதிக்கிற படம் போட்ட உரக்கடைக் காலண்டர் ஒன்றை, வருஷம் முடிந்தும் கழற்றாமல் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாள். எப்போதாவது பேச்சு வந்தால் அப்பா, "கடல் எங்கீம் ஓடிப்போயராது" என்பார். அம்மாவும் "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

அப்பாவுக்குத் தோட்டத்தை விட்டு நகரப் பிடிக்காது. எங்களிடம் இரண்டு கறவை மாடுகள். தன் கையைத் தவிர வேறு கை பட்டால் செவலைக்கு மனசு ஒடிந்துபோகும் என்பது அவர் கட்சி. (செவலையை யாரும் கேட்டதில்லை.) மகேசும் நானும் மாறி மாறிக் கெஞ்சிய பிறகு, மாடுகளைப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னச்சாமி மாமாவிடம் ஒப்படைத்துவிட்டு வரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. "எங்காச்சும் ஒரு எடத்துல எனக்கு மனசு ஒப்பலீன்னா, அடுத்த பஸ்ஸுல ஊட்டுக்கு. அப்பறம் ஒரு பேச்சு இருக்கக் கூடாது."

புறப்படுகிற அன்று அம்மா காலண்டர் படத்தை நின்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்ததை நான் பார்த்தேன்.

பஸ் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததால், அன்றைய சூரியன் எங்களுக்கு முன்பே உதித்து உச்சிக்குப் பாதி வழி ஏறிவிட்டது. பரவாயில்லை, நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்று, பைகளை லாட்ஜ் அறையில் போட்டுவிட்டு, முதலில் மியூசியத்துக்குக் கூட்டிப் போனேன். நான் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் மூன்று ஜோடிச் செருப்பு வாசற்படியில் வரிசையாக இருந்தது. காவலாளி வந்து, போட்டுக்கொண்டே போகலாம் என்றார். அப்பா, கேரள சர்க்கார் ஆபீஸ்களில் நின்று நின்று பழகிய பணிவோடு, "பழைய சாமானுக்கு ஒரு மருவாதி வேண்டாமுங்களா சாரே?" என்றார். காவலாளி குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். நானும் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே கல்லில் ஒரு பிள்ளையார் இருந்தார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, திருநீறு எங்கே என்று தேடினாள். அப்பா, பிரெஞ்சுக் கவர்னர்கள் உட்கார்ந்த நாற்காலி, படுத்த கட்டில், பார்த்த கடிகாரம் எல்லாவற்றையும் வெண்டைக்காய்ப் பாத்தியைச் சுற்றிப் பார்க்கிற வேகத்தில் முடித்துவிட்டு, வெளியே வேப்பமரத்தடியில் போய் நின்றார். முகத்தில் இன்னும் கோபம் இல்லை. நான் தைரியமாக அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தேன்.

அந்த ஓட்டலின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. மஞ்சள் சுவர், வெள்ளை மேஜைத்துணி, காகிதப்பூக் கொடி, ஆளுக்கு இரண்டு கத்தி. நான் மெனுவைத் தலைகீழாகப் பிடிக்காததுதான் அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம். அப்பாவுக்கு வெண்ணெய்க் குழம்பில் வெந்த கோழி, அம்மாவுக்கு ரத்தத்தூய் என்கிற சைவ அயிட்டம், எனக்கும் மகேசுக்கும் மீன் என்று, மூக்கால் பேசி ஆர்டர் கொடுத்தேன்.

முதலில் ரொட்டி வந்தது. அப்பா அதை மேஜையில் தட்டிப் பார்த்து, "இதை எறிஞ்சா குரங்கு தென்னை மரத்துப் பக்கமே வராது" என்றார். பிறகு சாப்பாடு வந்தது. அம்மா தன் தட்டைக் குனிந்து பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இது கத்திரிக்கா தக்காளிதான?"

"ரத்தத்தூய்ம்மா."

"நாம வேலந்தாவளம் சந்தைக்கு அனுப்பறது?"

"இது பிரெஞ்சு முறைம்மா," என்றேன் எரிச்சலோடு.

அப்பா கத்தியையும் முள்கரண்டியையும் ஒரு கணம் பார்த்தார். இதெல்லாம் ஆகாது, கையால் சாப்பிடலாம் என்று முடிவு செய்து, இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்துத் தட்டின் மேல் வைத்துவிட்டு, கை கழுவ எழுந்து போனார். அவர் வராமல் அம்மா வாயில் வைக்க மாட்டாள். அவளும் தன் கத்தியையும் கரண்டியையும் அதே மாதிரி அழகாகச் சேர்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கத்தியும் கரண்டியும் ஒன்றாகப் படுத்திருந்தால் 'சாப்பிட்டு முடித்துவிட்டேன்' என்று அர்த்தமாம். இட்லியைக் குத்திப் பழகிய எனக்கு அந்தப் பாடம் வரை போக நேரம் கிடைக்கவில்லை.

வெயிட்டர் பையன் சத்தமில்லாமல் வந்து, அப்பாவின் தட்டைக் காட்டி என்னிடம் ஆங்கிலத்தில் ஏதோ மெல்லிய குரலில் கேட்டான். எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று காட்டிக்கொள்வதா? "யெஸ், ப்ளீஸ்" என்றேன் கம்பீரமாக. கோழி கிளம்பிப் போயிற்று. பிறகு அவன் அம்மா பக்கம் குனிந்து, நல்ல தமிழில், "உங்களுக்கும்மா? போதுங்களா, இன்னும் சாப்பிடுறீங்களா?" என்றான்.

'சாப்பிடுறீங்களா' என்று ஒருவர் கேட்டால் அம்மாவுக்கு வாயில் வருவது ஒன்றே ஒன்றுதான். வெட்கத்தோடு சிரித்து, "வேண்டாமுங்க" என்றாள்.

அவனும் சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு போனான். அம்மா அடுத்த கேள்விக்காக முகத்தைத் தயாராக வைத்திருந்தாள். அது வரவேயில்லை. தட்டு சமையலறைக் கதவுக்குள் மறையும் வரை, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, விரல்களில் நீர் சொட்ட வந்து உட்கார்ந்தார். எதிரே மேஜைத்துணி மட்டும் இருந்தது.

"கோழி எங்கடா?"

"பறந்துபோச்சுங்கப்பா," என்றாள் மகேசு, மீனை மென்றுகொண்டே.

"கூப்புட்டுக் கேளு."

அப்போதாவது நான் வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். அந்தப் பையன் ஓடிப் போய்க் கொண்டுவந்திருப்பான். ஆனால் கேட்டால், என் பிரெஞ்சு ஞானம் சந்தி சிரித்துவிடுமே! "இங்கெல்லாம் அப்படிக் கேக்கக் கூடாதுங்கப்பா" என்று கூசாமல் புளுகினேன். என் மீனைப் பாதியாக்கி நீட்டினேன். அப்பா தொடவில்லை. பையன் மறுபடி வந்து, "ஸ்வீட் ஏதாவது கொண்டுவரட்டுங்களா?" என்றான். எங்கள் எல்லோருடைய கண்ணும் அம்மா மேல். அம்மா பசியில் வாடிய முகத்தோடு, பழக்கதோஷத்தில், "வேண்டாமுங்க" என்றாள்.

வாசலைத் தாண்டியதும் அப்பா சொன்னார். "சாயங்காலம் பஸ் இருக்குதான்னு பாரு."

இனி இந்த மனிதரை ஊரை விட்டுக் கிளப்ப முடியாது. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் காலண்டர் சூரியன்தான். அதுவும் என் வறட்டு ஜம்பத்தால்.

அறைக்குப் போகிற வழியில் அம்மா மகேசிடம் மெதுவாகக் கேட்டாள். "ஏங்கண்ணு, அந்தப் பையன் இன்னொருக்கா ஏன் கேக்கவேயில்ல? கோவமா?"

"கோவமெல்லாம் இல்லம்மா. இங்கெல்லாம் ஒருக்காத்தான் கேப்பாங்க. வேணும்னா வேணும், வேண்டாம்னா வேண்டாம். அவ்வளவுதான்."

"அப்படியா!" என்றாள் அம்மா. 'ஒருக்காத்தானா' என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

சாயங்காலம் பைகளோடு கடற்கரைக்குப் போனோம், பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வரலாம் என்று. அவ்வளவு அகலமான சாலை, வண்டிகள் வேறு கிடையாது. ஊரே கைகோத்து, தோளுரசி, உலாப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போனோம். முன்னால் அப்பா, நான்கு அடி பின்னால் அம்மா, அப்புறம் நான், கடைசியில் மகேசு. வரப்பில் நடந்து வளர்ந்த கால்களுக்கு வேறு விதமாக நடக்கத் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி எங்களைப் போட்டோ எடுத்தார். ஏதோ வேண்டுதல் ஊர்வலம் என்று நினைத்திருப்பார்.

அம்மா நின்றுவிட்டாள். கடல் பக்கம் திரும்பி, கண்ணை எடுக்காமல் நின்றாள். கொஞ்ச தூரம் போய்விட்ட அப்பா திரும்பி வந்தார். கோபத்தில்தான் இருந்தார், ஆனாலும் சம்பிரதாயத்துக்குக் கேட்டார்.

"என்ன, ஊட்டுக்குப் போலாமா?"

இத்தனை வருஷமாக இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அம்மாவிடம் ஒரே பதில்தான். "உங்க இஷ்டமுங்க." அதுவும், மறுபடி கேட்கச் சொல்கிற ஒரு வகை முதல் 'வேண்டாம்'தானே! வீட்டுக்கு வருகிற ஒறம்பரை சொந்தபந்தம், பால் சொசைட்டி செக்ரட்டரி, ஓட்டுக் கேட்டு வருகிறவன் என்று எல்லோரையும் மூன்று தடவை கேட்கிற அப்பா, அம்மாவை மட்டும் இரண்டாம் தடவை கேட்டதே இல்லை. அது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. சங்கடமாக இருந்தது.

"வேண்டாமுங்க," என்றாள் அம்மா. "நான் வரலீங்க. நாளைக்குச் சூரியன் வர்றதப் பாத்துப்போட்டுத்தான் வருவேன்."

அப்பா திகைத்துப்போனார். "என்ன புதுசா பேசறே?"

"இந்த ஊர்ல ஒருக்காத்தான் கேப்பாங்களாமுங்க. கோழி போன மாதிரி இதுவும் போயிருமேன்னு மொதல்லயே சொல்லிப்போட்டேன்."

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்து, "சின்னச்சாமி, நாங்க நாளைக்கு ராத்திரி ஏறித்தான் வருவோம். செவலைகிட்டச் சொல்லீரு" என்றார். பக்கத்தில் சுண்டல் வந்தது. "சுண்டல் வேணுமா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"வேணுமுங்க," என்றாள் அம்மா. சட்டென்று.

மறுநாள் காலை, மேகத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாகத்தான் சூரியன் வந்தது. காலண்டர் அளவுக்கு இல்லை. அம்மா அழுதாள். அப்பா அவள் பக்கத்தில், தோளோடு தோளாக, வரப்பே இல்லாதவர் போல நின்றிருந்தார். எனக்கும் கண் கலங்கியது. (உப்புக்காற்று என்று மகேசிடம் சொல்லி வைத்தேன்.)

வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் வீட்டில் இப்போது யாரும் சும்மா "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. சொன்னால், "இது எந்த ஊர் வேண்டாம்? பாண்டிச்சேரியா, நம்மூரா?" என்ற கேள்வி வரும். மகேசின் மாப்பிள்ளை முதல் விருந்தில், பாவம், முறைப்படி "வேண்டாமுங்க" என்றதும் நான் தட்டைத் தூக்கிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அம்மா ஓடி வந்து ஆறு தடவை கேட்டுச் சமாதானம் செய்தாள்.

போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா கேட்டாள். "ஏனுங்க, இன்னொருக்கா கடலப் பாத்துட்டு வரலாமுங்களா?"

"வேண்டாம். மாட்டை யாரு பாப்பாங்க?" என்றார் அப்பா.

அம்மா தோசைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "எந்த ஊர் வேண்டாமுங்க?" என்றாள்.

அப்பா தட்டை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. "நம்மூருதான்," என்றார். "இன்னும் ரெண்டு தடவை கேளு."