நாலுக்குப் பூச்சியம், ஒரு திறப்பு

கவலைப்பட எதுவும் இல்லாத நேரம்தான் எனக்கு ஆபத்தான நேரம். ஏதாவது கவலை இருந்தால் நான் ஒழுங்கான பெண். அது தீர்ந்ததும் அடுத்ததைத் தேடிப் புறப்பட்டுவிடுவேன். இந்தக் குணத்தால் ஒரு கிண்ணத்தையே எங்கள் அணி இழக்கப் பார்த்தது.

அன்று எங்கள் அன்புவழிபுரம் அணிக்கும் உப்புவெளி அணிக்கும் உதைபந்தாட்ட இறுதிப் போட்டி. எங்கள் பக்கத்துக் கோல் காப்பாளர் என் கணவர். இரண்டு வருடம் மாற்று ஆளாக வாங்கில் குந்தியிருந்தவர். பழைய காப்பாளர் கட்டாருக்கு வேலைக்குப் போனதால்தான் இவருக்கு இடம் கிடைத்தது. "புது ஆளை நம்பேலுமோ" என்று அணிக்குள் ஒரு கதை ஓடியதும் எனக்குத் தெரியும். இந்த ஆட்டத்தோடு அந்தக் கதை முடிய வேண்டும் என்பதால், முதல் பாதி முழுக்க என் நகங்களை நானே தின்றேன்.

ஆட்டம் முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது நாலுக்குப் பூச்சியம். நாங்கள்தான் நாலு.

எங்கள் ஊர் அறிவிப்பாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. கோல் போட்டவரின் பெயரை, தகப்பன் பெயரோடு சேர்த்து, ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்லுவார். நாலு வீட்டுத் தகப்பன்மாருக்கு அந்தப் பெருமை கிடைத்துவிட்டது. மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பின்வரிசையில் நிற்க வேண்டியவர்களும் தங்கள் தகப்பன்மாரை நினைத்து முன்னே ஓடிவிட்டார்கள். மைதானத்தின் எங்கள் பக்கத்தில் இவர் தனியே நின்றார்.

அந்த நிம்மதியான வேளையில்தான் எனக்கு அடுப்பு நினைவுக்கு வந்தது. பிள்ளையின் பால் போத்தல்களை அவிக்கத் தண்ணீர் வைத்தேனே, காஸை நிறுத்தினேனா?

பிள்ளையை மடியில் வைத்திருந்த மாமியைக் கேட்டேன்.

"நீர் நிப்பாட்டினனீர் பிள்ளை. நான் கண்டனான்."

"வடிவாக் கண்டனீங்களோ மாமி?"

"வடிவா எண்டால்... கண்டனான்."

இடையில் வந்த அந்த மௌனம் போதும், ஒரு வீடு எரிய. (என் மனத்தில் கூரை ஏற்கெனவே போய்விட்டது.)

வீட்டுப் பூட்டுக்கு இரண்டு திறப்புகள். ஒன்றைத் தொலையாமல் இருக்க நான் மிகப் பத்திரமாக வைத்தேன். எங்கே என்று இன்றுவரை தெரியாது. மற்றது இவரிடம். கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடினேன்.

"இஞ்சேருங்கோ, வீட்டுத் திறப்பைத் தாங்கோ."

"இப்பவோ?"

"காஸ் நிப்பாட்டினனானோ தெரியேல்லை."

"நிப்பாட்டியிருப்பீர்."

"இருப்பீர் எண்டால் காணாது."

இவர் எதிர்ப்பக்கம் பார்த்தார். பந்தும் ஆட்களும் எங்கோ தூரத்தில். "சரி, பொறும்" என்று குனிந்தார். திறப்பு காலுறைக்குள் இருந்தது. ஓடிய ஓட்டத்தில் குதிக்கால் வரை இறங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் எடுக்க ஏலாது.

உப்புவெளிக்காரர் ஒருவர் நடு மைதானத்தில் இருந்து ஓங்கி உதைத்தார். இவர் கையில் சப்பாத்தோடு ஒற்றைக் காலில் துள்ளினார். பந்து இவரைத் தாண்டி வலைக்குள் போனது. திறப்பு வலையைத் தாண்டி என்னிடம் வந்தது.

"அன்பான ரசிகர்களே," என்றார் அறிவிப்பாளர், "அன்புவழிபுரம் காப்பாளர் தற்போது சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருக்கிறார்."

நின்று மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் கோல் விட்டுப் பெற்ற திறப்பு வீணாகக் கூடாதே என்று வீட்டுக்கு ஓடினேன். சந்தியைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் உப்புவெளியின் இரண்டாவது கோல். மூன்றாவது, நான் பூட்டில் திறப்பைப் போடும்போது.

குசினியில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. குமிழ் நிறுத்தியபடி, சிலிண்டரும் பூட்டியபடி. போத்தல்கள் துணியில் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. அந்த நிம்மதி மூன்று வினாடி நீடித்தது. பிறகு மைதானம் நினைவுக்கு வந்தது.

ஒலிபெருக்கி ஓய்ந்துவிட்டது. கதிரையில் குந்தி, வழியெல்லாம் அடுப்புக்காகக் கோணேசர் சுவாமியிடம் வேண்டி வந்ததைப் பந்துக்கு மாற்றித் தரச் சொன்னேன். இவரை மீண்டும் வாங்கில் இருத்தினால் அதற்கு நான்தான் காரணம்.

விசில் கேட்டது. உடனே வெடி. (இரண்டு அணிகளும் வெடி கொண்டுவந்திருந்தன. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது.) அதன் பிறகுதான் அறிவிப்பாளரின் குரல் வந்தது: "நாலுக்கு மூன்று. கடைசி நிமிடத்தில் அன்புவழிபுரத்தைக் காப்பாற்றியவர்..." தொடர்ந்து இவருடைய பெயர், என் மாமனாரின் பெயரோடு. மூன்று தரம். பந்தைக் காலால் தடுத்தாராம். நாடா கட்ட நேரம் கிடைக்காத சப்பாத்து பந்தைவிடத் தூரம் பறந்ததாம்.



மாலையில் அணித்தலைவர் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தார். படம் எடுக்க என் கைபேசியை வாங்கியவர் திரையைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். நான் கடைசியாக எடுத்திருந்த படம்: எங்கள் அடுப்பு, நிறுத்திய குமிழ். இப்படிச் சந்தேகம் வரும் என்று தெரிந்துதான், வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது எடுத்து வைத்திருக்கிறேன்.

இவர்தான் இன்றும் முதல் காப்பாளர். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் தலைவர் அழைப்பார்: "தங்கச்சி, படம் எடுத்தாச்சோ?" அணியின் வாட்ஸ்அப் குழுவில் அடுப்பைப் போடுவேன். பதினொரு பேரும் குமிழைப் பார்த்து "ஓம்" போட்ட பிறகுதான் மைதானத்தில் இறங்குவார்கள்.

மாமி மட்டும் குரல் பதிவாக அனுப்புவார்: "இந்த முறை வடிவாக் கண்டனான்."